மாமன் வீட்டு வழி

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் ராஜபாட்டையில், எலெக்ட்ரானிக் சிட்டியின் மேம்பாலத்தை விட்டு இறங்கி, பொம்மசந்திராவின் தொழிற்சாலை மதில்களையும் கடந்த பிறகு, ஆனேக்கல்லுக்கு வலப்புறமாகவும் தொம்மசந்திராவுக்கு இடப்புறமாகவும் சாலைகள் பிரியும் இடம் எதுவோ அதற்குச் சந்தாபுரா என்று பெயர். பூகோளப் புஸ்தகத்தில் அந்த ஊர் கர்நாடகத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கே டீக்கடை வாசலில் கால்மணி நேரம் நிற்பவன் காதில் கன்னடமும் தெலுங்கும் தமிழும், எது எந்த வாயிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாதபடி, கலந்து விழும். பத்து கிலோமீட்டர் தெற்கே போனால் அத்திப்பள்ளி. அதற்கு அப்பால் தமிழ்நாடு.

அந்த ஊரில், சர்க்கிளுக்குப் பின்புறத்துத் தெரு ஒன்றில், மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில், சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்த காதுகுத்துக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பத்தர் வந்து அரை மணி ஆயிற்று. பனைவெல்லம் போட்ட பச்சரிசி தட்டில் இருந்தது. வாழைப்பழமும் பூவும் இருந்தன. பதினோரு மாதக் குழந்தை பட்டுப்பாவாடையில் சிணுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் காரியம் ஆரம்பமாகவில்லை. தாய்மாமன் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரவேண்டும். அவன் வந்த பஸ் அத்திப்பள்ளி டோல்கேட்டில் நின்றுவிட்டது. குழந்தையின் தகப்பனார் இருந்தார், பாட்டனார் இருந்தார், பெரியப்பா சித்தப்பா எல்லோரும் இருந்தார்கள். ஆனாலும் என்ன? மடி வேண்டுமே. மாமன் மடியைத் தவிர வேறொரு மடியில் அந்தக் குழந்தையை வைத்துக் காது குத்தச் சொல்லும் தைரியம் அங்கே ஒருவருக்கும் இல்லை.

பதினொன்றரை மணிக்கு அவன் சீர்த்தட்டோடு மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தான். கூடவே மனைவி, ஆறு வயதுப் பையன். வீட்டுக்காரக் கன்னடத்து அம்மாள், எழுபது வயதிருக்கும், அந்தப் பையனைக் கண்டதும் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, "மாவன மகன்ன மதுவெ ஆக்தீயா?" என்று கேட்டாள். குழந்தையின் அப்பாயி விட்டுக்கொடுப்பாளா? "ஏண்டி, மாமன் மவனைக் கட்டிக்கிறியா?" என்று அதையே தமிழில் கேட்டாள். ஒரே கேள்வி; ஒரே கிள்ளல். பாஷை மட்டும் வேறு.

அந்தக் கேள்வியின் வயது என்ன என்பதைப் பற்றித்தான் இங்கே சொல்ல உத்தேசம். பால்ய காலத்தில் நமக்கு நேர்ந்த அன்பும் பிரிவுமே பின்னாளில் நாம் யாரை எப்படி நேசிக்கிறோம் என்பதைத் தீர்மானிக்கின்றன என்று மனோதத்துவ சாஸ்திரிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள். இங்கிலாந்தில் ஜான் பௌல்பி என்னும் மருத்துவர், 1951-இல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக எழுதிய அறிக்கையில், தாயைப் பிரிந்த குழந்தையின் மனம் எவ்வாறு வாடுகிறது என்பதை விஸ்தரித்தார். அந்தக் கருத்தை வயது வந்தவர்களின் காதலுக்கு 1987-இல் அமெரிக்காவில் ஹேஸன், ஷேவர் என்ற இருவர் பொருத்திக் காட்டினார்கள். எல்லாம் சரி. ஆனால் தென்னாட்டில், குழந்தைப் பருவத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே ஒரு பாலத்தையே கட்டி, அதற்கு 'முறை' என்று பெயர் வைத்து, இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேலாக அதன்மீது நடந்து வந்திருக்கிறார்களே, அதை அந்தச் சாஸ்திரிகள் அறிந்திருந்தால் தங்கள் கொள்கையில் ஓர் அத்தியாயம் கூட்டியிருப்பார்கள்.

முறை என்பது முதலில் நாக்கில் ஏறுவது. தமிழ்க் குழந்தை நடக்கப் பழகும்போதே, அப்பாவின் அண்ணன் தம்பி பெற்றவர்களும் அம்மாவின் அக்கா தங்கை பெற்றவர்களும் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்று கற்கிறது. அப்பாவின் சகோதரி அத்தை, அம்மாவின் சகோதரன் மாமா, அவர்கள் பெற்றவர்கள் உடன்பிறப்பு ஆகாதவர்கள் என்றும் கற்கிறது. பின்னர் விவாகமானால் மாமியாரும் அத்தைதான், மாமனாரும் மாமாதான். கன்னடத்தில் மாவ, அத்தெ என்ற சொற்களும், தெலுங்கில் மாம, அத்த என்ற சொற்களும் இப்படியே இரண்டு வேலைகளையும் செய்கின்றன. அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் உலகத்து உறவுச் சொற்களையெல்லாம் திரட்டி 1871-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டபோது, தம் நாட்டு இரோகுவாய் இந்தியர்களின் உறவுமுறைச் சொற்களும் தமிழரின் சொற்களும் பல இடங்களில் ஒரே ஒழுங்கில் அமைந்திருப்பதைக் கண்டு திகைத்தார். அவருக்கு வேண்டுமானால் அது திகைப்பு; நமக்கு அது அரிச்சுவடி. யாரிடம் கேலி பேசலாம், யாரைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும், யாருடைய பெயரைச் சொன்னால் வெட்கப்பட வேண்டும் என்பதெல்லாம் அந்த அரிச்சுவடிக்குள்ளேயே அடங்கியிருந்தன.

வடநாட்டார் இதைப் பார்த்து முகம் சுளித்ததும் பழைய கதைதான். போதாயனர் தம் தர்ம சூத்திரத்தில், தட்சிணத்தாருக்கே உரிய ஐந்து ஆசாரங்களை எண்ணி, அவற்றுள் மாதுலன் மகளையும் அத்தை மகளையும் மணப்பதைச் சேர்த்திருக்கிறார். மனைவியோடு கூட உட்கார்ந்து உண்பதும் பழையது சாப்பிடுவதும் அதே பட்டியலில் வருகின்றன என்பதை நினைத்தால், நம்முடைய முன்னோர்களின் குற்றங்களெல்லாம் ரொம்பவும் சுகமான குற்றங்கள் என்றே தோன்றுகிறது. அந்தந்தத் தேசத்துக்கு அந்தந்தத் தேசாசாரமே பிரமாணம் என்றும் அவர் இடம் கொடுத்தார். குமாரில பட்டர் தெற்கத்தியாரை இதற்காகப் பரிகசித்தார். பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகரத்து மாதவாசாரியரோ, பராசர ஸ்மிருதிக்குத் தாம் செய்த வியாக்கியானத்தில் மாதுல கன்னிகா விவாகத்துக்கு ஆதரவாக வாதாடினார். ஆக, சாஸ்திரம் இடறிய இடத்திலெல்லாம் வழக்கம் அதைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டிருக்கிறது. சுதந்திர இந்தியாவின் 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டமும், நெருங்கிய பந்துக்களுக்குள் விவாகம் கூடாது என்று விதித்துவிட்டு, வழக்கம் அனுமதித்தாலன்றி என்று ஒரு வாசகத்தைச் சேர்த்து, போதாயனரின் வழியிலேயே நின்றது.

இந்த வழக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த கேடு ஒன்றையும் மறைப்பதற்கில்லை. 'முறை' இருக்கிறதே என்று வயது பார்க்காமல் முடித்த கல்யாணங்கள் ஏராளம். இந்த விஷயத்தில் சந்தாபுரா ஒரு விசித்திரமான எல்லையில் இருந்தது. அது அடங்கிய ஆனேக்கல் தாலுகா மைசூர் சமஸ்தானம். ஓசூர் ஆங்கிலேயரின் சேலம் ஜில்லா. 1894-இல், சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்தபோது, எட்டு வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு விவாகம் செய்வதையும், ஐம்பது கடந்த கிழவர்கள் பதினான்குக்குட்பட்ட சிறுமிகளை மணப்பதையும் குற்றமாக்கி மைசூர் அரசு ஒரு சட்டம் செய்தது. அத்திப்பள்ளிக்குத் தெற்கே அப்படி ஒரு தடை வர, ஹர்பிலாஸ் சாரதாவின் சட்டம் 1929-இல் நிறைவேறி மறுவருஷம் ஏப்ரல் முதல் தேதி அமலாகும் வரை, முப்பத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பட்டம் பெற்றது அந்த 1894-இல்தான். மூன்று வருஷங்கள் கழித்து அவருக்கு விவாகம் நடந்தபோது மணப்பெண்ணுக்கு வயது பத்து. மைசூர்ச் சட்டமே அங்கு அமலில் இருந்திருந்தாலும் அந்தக் கல்யாணம் தடைபட்டிராது என்பதைக் கவனித்தால், அந்தச் சட்டம் எவ்வளவு கூச்சத்தோடு முதல் அடி வைத்தது என்பது புலப்படும். அதே ராஜாஜியின் மகள் லக்ஷ்மியும் காந்தியடிகளின் மகன் தேவதாஸும் ஒருவரையொருவர் விரும்பியபோது, இரண்டு தகப்பனார்களும் கூடி, பல வருஷங்கள் சந்திக்காமல் பிரிந்திருந்து பார்க்கும்படி அவர்களுக்கு விதித்து, 1933-இல் பூனாவில் மணம் முடித்துவைத்தார்கள். ஒரு தலைமுறைக்குள் எவ்வளவு தூரம்!

இருக்கட்டும், சட்டத்தை விட்டு மனத்துக்கு வருவோம். தொன்றுதொட்டு இந்த உறவு நிலைத்ததற்குக் காரணம் நிலம் சிதறாமல் காப்பதே என்று சிலர் சொல்லுவார்கள். கேழ்வரகுக் காடும் மல்பெரித் தோட்டமும் அந்நியர் கைக்குப் போகாமல் இருக்க அது உதவிற்று என்பது மெய்யே. பூனா டெக்கான் காலேஜைச் சேர்ந்த ஐராவதி கார்வே 1953-இல் வெளியிட்ட தம் நூலில் வேறொன்றைச் சொன்னார். வடநாட்டுப் பெண், முன்பின் பாராத ஊருக்கு, முன்பின் பாராத மனிதர்களிடையே முக்காடிட்டுப் போகிறாள்; மகளாக இருந்த வாழ்வும் மருமகளாக இருக்கும் வாழ்வும் அவளுக்கு இரண்டு வெவ்வேறு ஜன்மங்கள். தென்னாட்டுப் பெண்ணோ, சிறு பிராயத்தில் தனக்குத் தலைவாரிப் பூச்சூட்டிய அத்தையின் வீட்டுக்கே வாழப் போகிறாள். அவள் குழந்தைப் பருவம் அறுபடுவதில்லை. கார்வே அம்மையாரின் இந்த நோக்கு எனக்குப் பெரிதும் உடன்பாடு. ஆனாலும் அதில் பாதிதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மீதிப் பாதியை எழுதியவர் மார்கரெட் டிராவிக் என்னும் அமெரிக்க அம்மையார். 1970-களில் தமிழ்நாட்டில் ஒரு கிராமத்துக் குடும்பத்தோடு தங்கி, அவர்கள் குழந்தையைக் கொஞ்சுவதையும் வைவதையும் சோறு பங்கிடுவதையும் ஊன்றிக் கவனித்து, தமிழ்க் குடும்பத்தில் அன்பைப் பற்றி 1990-இல் ஒரு நூல் எழுதினார். அதில் அவர் கண்டு சொன்னது இது: ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணனையும் தங்கையையும் கல்யாணம் பிரித்துவிடுகிறது, பிரிந்த ஏக்கத்தை அவர்கள் வாய்விட்டுச் சொல்ல வழக்கம் இடம் தருவதில்லை, ஆகவே தங்கள் மக்களை ஒருவருக்கொருவர் முடித்து, அறுந்த நூலை அடுத்த தலைமுறையில் முடிச்சுப் போடப் பார்க்கிறார்கள்.

இதைப் படித்தபோது எத்தனையோ காட்சிகள் எனக்குச் சட்டென்று விளங்கின. பெண் வயதுக்கு வந்தால் பச்சை ஓலை கொண்டுவந்து குடிசை கட்டுகிறவன் மாமன்; கன்னட நாட்டிலும் அந்தக் குடிசையைக் கட்டுவது ஸோதரமாவன்தான். மொட்டையடிக்க மடி அவனுடையது. மணவறையில் முதல் மாலை அவனுடையது. செத்தால் பிறந்த வீட்டுக் கோடி அவன் கொண்டுவர வேண்டும். இவையெல்லாம் குழந்தைக்காகச் செய்வன என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். குழந்தையின் பெயரால் அண்ணன் தங்கைக்குச் செய்பவை என்று இப்போது தோன்றுகிறது. முறைப்பெண் கல்யாணத்தில் பால்யத்தின் கை இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது மணமக்களின் பால்யம் அன்று. மாப்பிள்ளையின் தாயும் பெண்ணின் தகப்பனாரும் என்றோ ஒரு திண்ணையில் ஒரு கொய்யாப்பழத்தைக் காக்காய்க்கடி கடித்துத் தின்றார்களே, அந்தப் பால்யம்.

நம் ஜனங்கள் இதைப் புஸ்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1957-இல் கே. வி. ரெட்டி தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த மாயா பஜாரைப் பாருங்கள். பலராமன் மகளும் சுபத்திரை மகனும் சிறு குழந்தைகளாக இருக்கையிலேயே அண்ணனும் தங்கையும் வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். பாண்டவர் செல்வம் இழந்ததும் அண்ணன் வாக்கை மறக்கிறான். மறந்த வாக்கை மீட்கக் கடோத்கஜன் வரவேண்டியிருக்கிறது. வியாச பாரதத்தில் இந்தக் கதை கிடையாது. தென்னாட்டார் தங்கள் வீட்டு வழக்கைப் பாரதத்துக்குள் கொண்டுபோய்ச் செருகிவிட்டார்கள். அதில் மாமன் மகளாக நடித்த சாவித்திரிதான் நான்கு வருஷம் கழித்துப் பாசமலரில் தங்கையாக வந்து ஊரையெல்லாம் அழவைத்தார். முறைப்பெண்ணும் தங்கையும் ஒரே முகம்.

ஒரு சங்கை எழலாம். கூடவே வளர்ந்தவர்களிடையே காதல் பிறக்காது என்று பின்லாந்து தேசத்து வெஸ்டர்மார்க் 1891-இலேயே எழுதவில்லையா? எழுதினார்; சாட்சியமும் உண்டு. தைவான் தீவில் ஏழைக் குடும்பங்கள் கைக்குழந்தையாகவே பெண்ணைத் தத்தெடுத்து மகனோடு கூட வளர்த்து அவனுக்கே மணம் முடிக்கும் வழக்கம் இருந்தது. ஆர்தர் ஊல்ஃப் என்பவர் பழைய பதிவேடுகளை ஆராய்ந்து, அத்தகைய தம்பதிகளுக்குக் குழந்தைகள் குறைவென்றும் மணமுறிவு மிகுதியென்றும் காட்டினார். இஸ்ரேலின் கூட்டுப்பண்ணைகளில் ஒரே தொட்டிலறையில் வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களானதும் ஒருவரையொருவர் மணக்கவே இல்லை என்று ஜோசப் ஷெஃபர் கண்டார். நம் முன்னோர்கள் இதை அறிந்து செய்தார்களோ அறியாமல் செய்தார்களோ, முறைப்பெண் மாத்திரம் கூட வளர்வதில்லை. அவள் மாமன் ஊரில் இருக்கிறாள். முழுப் பரீட்சை லீவுக்கும், ஹுஸ்கூர் மத்தூரம்மா ஜாத்திரை போன்ற திருவிழாவில் நூறடித் தேர்கள் ஆடி ஆடி வரும் அந்தச் சில நாட்களுக்கும் கண்ணில் படுகிறாள். ஒரு சண்டை, ஒரு சமாதானம். பிறகு பத்து மாதம் காணோம். கூடப் பிறந்தவளின் சலிப்பும் இல்லை, அந்நியளின் அச்சமும் இல்லை.

இந்த வழக்கத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 1980-களில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியர் என். அப்பாஜி ராவும் அவரைச் சேர்ந்தவர்களும் பெங்களூர், மைசூர் நகரங்களில் பிறந்த சிசுக்களின் ரத்தத்தைச் சோதித்து வந்தார்கள். பெற்றோர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு ஜோடி ரத்த சம்பந்தமுள்ளவர்கள் என்பதும், அவர்களிலும் அக்காள் மகளை மணந்த மாமன்மாரே அதிகம் என்பதும் அந்த ஆராய்ச்சியில் தெரியவந்தன. மாமனுக்கும் மருமகளுக்கும் பொதுவான மரபணு நாலில் ஒரு பங்கு. மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் எட்டில் ஒரு பங்கு. இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே குறை, குழந்தையிடம் கூடி வெளிப்படும் வாய்ப்பு அந்த அளவுக்கு உயர்கிறது. இன்று பிரசவ ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போதே "சொந்தத்திலேயா, அசலா?" என்று கேட்கிறார்கள்; கேட்க வேண்டியதுதான்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் நூற்றுக்குச் சுமார் இருபத்தேழு இருபத்தெட்டு பெண்கள் உறவிலேயே மணந்தவர்கள்; தேசம் முழுவதற்கும் எடுத்தால் பதினொன்றுதான். ஆகவே வழக்கம் சாகவில்லை. ஆனால் அதை வைத்தியர்கள் கொல்வதற்கு முன்னால் கணக்கு கொன்றுவிடும் போலிருக்கிறது. அதே கணக்கெடுப்பின்படி ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி தமிழ்நாட்டில் 1.8, கர்நாடகத்தில் 1.7. ஒற்றைப் பிள்ளைக்கு உடன்பிறந்தாள் இல்லை; உடன்பிறந்தாள் இல்லாதவனுக்கு மருமகளும் இல்லை. சந்தாபுராவின் மாடி வீடுகளிலும் லைன் வீடுகளிலும் குடியிருக்கும் இளைஞர்கள் தருமபுரியிலிருந்தும் ராயச்சூரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் காதல் கம்பெனி பஸ்ஸில் பிறக்கிறது. அதில் முறை பார்க்க யார் இருக்கிறார்கள்? பார்க்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். உறவில் மணக்க மறுத்த பெண்ணை மாமன் உரிமை என்ற பெயரால் இழுத்துப்போய்க் கழுத்தை நீட்ட வைத்த வழக்கமும் இதுதான். அந்தப் பகுதி ஒழிவதில் எனக்கு ஒரு துளியும் வருத்தம் இல்லை.

அன்றைக்குக் காதுகுத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவள் மாமன் மனைவிதான். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள். "அந்தப் பேச்செல்லாம் வேணாம் அத்தை, டாக்டருங்க திட்டுவாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், கேட்ட கிழவிகள் இருவரும்கூடச் சிரித்தார்கள். ஆறு வயதுப் பையன் மட்டும் எதற்கென்று தெரியாமலே வெட்கப்பட்டுத் தாயின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றான். மாமன் சம்மணமிட்டு உட்கார்ந்தான், பத்தர் தங்கக் கம்பியைச் சந்தனத்தில் தோய்த்தார், குழந்தை வீறிட்டது, அவன் கண்ணில் நீர் வந்ததைப் பின்னால் நின்ற தங்கை பார்த்துவிட்டுத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு ஓசூர் பஸ். அண்ணனை ஏற்றிவிடச் சர்க்கிள் வரை தங்கை வந்திருந்தாள். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்தாள்.